கீரையில மண் போகவே மாட்டேங்குது, பச்சையா சாப்பிடுற இலையை எப்படித்தான் கழுவுறது?

புதினாக்கட்டு:

எல்லாருக்கும் வணக்கம். சின்ன டவுட்டுன்னு தேடப்போய் இப்ப தலையே சுத்துது, அதான் இங்க கேக்குறேன். வைஃப் கன்சீவா இருக்காங்க, டாக்டர் "காய், கீரை எல்லாம் நல்லா கழுவி சாப்பிடுங்க"ன்னு ஒத்த வரில சொல்லி அனுப்பிட்டாரு. நல்லா கழுவுறதுன்னா என்னன்னுதான் யாரும் உருப்படியா சொல்ல மாட்டேங்குறாங்க. ஒரு வீடியோல உப்புத்தண்ணில அரை மணி நேரம் ஊறப்போடுங்கறாங்க, அடுத்ததுல வினிகர், அதுக்கடுத்ததுல சமையல் சோடா, ஒருத்தர் பாத்திரம் கழுவுற லிக்விட் ஒரு சொட்டு விட்டா போதும்னு கூலா சொல்றாரு. நடுவுல காய்கறி கழுவவே தனியா ஒரு லிக்விட்னு விளம்பரம் வேற.

இப்ப நான் பண்றது என்னன்னா கட்டைப் பிரிச்சு, பொடியா நறுக்கி, வடிகூடைல போட்டு குழாயைத் திறந்து விட்டுடுவேன். அப்படியும் வாயில வைக்கும்போது நறநறங்குது. லெட்யூஸ், கொத்தமல்லி, புதினா எல்லாம் வீட்ல பச்சையாவே சாப்பிடுவோம், மத்த கீரை வேக வச்சுத்தான். "கழுவியாச்சு, ரெடி டு ஈட்"னு போட்டு வர்ற பாக்கெட்டையும் திரும்ப கழுவணுமா? கழுவி ஃப்ரிட்ஜ்ல வச்சா ரெண்டு நாள்ல கொழகொழன்னு ஆயிடுது, அதுக்கும் ஏதாவது வழி இருந்தா சொல்லுங்க. முன்கூட்டியே நன்றி.

கரண்டிராணி:

தம்பி, மொதல்ல மண்ணு விஷயத்தை முடிச்சிடலாம், கிருமி சமாச்சாரம் தெரிஞ்சவங்க வந்து சொல்லட்டும். நறுக்கிட்டு கழுவாதீங்க, கழுவிட்டு நறுக்குங்க. நறுக்குன இலைல மண்ணு வெட்டுன எடத்துல போய் ஒட்டிக்கும், அதோட இலைல இருக்கற சத்து கொஞ்சம் தண்ணியோட போயிடும். அடுத்தது அந்த வடிகூடை. மேலேருந்து தண்ணி விட்டா மேல இருக்கற நாலு இலைதான் குளிக்கும், அடியில இருக்கறது ஈரமாகும் அவ்ளோதான், மண்ணு எங்கயும் போகாது.

வேர்ப்பக்கத்தை மொதல்ல வெட்டித் தள்ளிடுங்க, மண்ணுல முக்காவாசி அங்கதான் இருக்கும். மஞ்சளா போனது, அழுகினது, ஓட்டை விழுந்து வழவழன்னு இருக்கறது எல்லாத்தையும் ஆயும்போதே எடுத்துடுங்க. முட்டைக்கோஸ், லெட்யூஸ் மாதிரி சுருண்டதுன்னா வெளி இலை ரெண்டு மூணை உரிச்சுப் போட்டுட்டு மிச்சத்தை ஒவ்வொண்ணா பிரிச்சுக்கணும், முழுசா குழாய்க்குக் கீழ காட்டுனா உள்ள ஒண்ணும் ஆகாது. அப்புறம் உங்ககிட்ட இருக்கறதுலயே அகலமான ஆழமான பாத்திரம் எடுத்து நெறய தண்ணி ஊத்தி இலையை அதுல போட்டு கையால நல்லா அலசுங்க, அலசிட்டு ஒரு நிமிஷம் சும்மா விடுங்க. மண்ணு அடியில எறங்கும், இலை மேல மெதக்கும். இப்பதான் முக்கியமான விஷயம், பாத்திரத்தை அப்படியே வடிகூடைல கவுக்கக் கூடாது!! கவுத்தீங்கன்னா அடியில எறங்குன மண்ணு மொத்தமும் திரும்ப இலை மேலயே கொட்டும். ரெண்டு கையால இலையை மட்டும் அள்ளி வேற பாத்திரத்துக்கு மாத்துங்க, பழைய தண்ணியை ஊத்திட்டு பாத்திரத்தை ஒரு தடவை கழுவி புதுத்தண்ணி. எத்தனை தடவைன்னு கணக்கெல்லாம் கெடையாது, அடியைத் தடவிப் பாத்தா மண்ணு கையில படாத வரைக்கும். மழைக்கு அப்புறம் வர்ற கீரைன்னா கூட ரெண்டு தடவை ஆகும்.

தண்டுக்கும் இலைக்கும் நடுவுல இருக்கற அந்த மடிப்பு இருக்கே, அங்க விரல் விட்டுத் தேய்ச்சு விடணும். கடைசியா கொஞ்சம் கொஞ்சமா எடுத்து ஓடுற தண்ணில காட்டிட்டு வடிய விடுங்க.

உப்புக்கல்:

ராணி அக்கா சொன்னது எல்லாம் ஓகே ஆனா உப்பை விட்டுட்டாங்களே. கல்லுப்பு ஒரு கைப்பிடி தண்ணில கரைச்சு அதுல ஊறப்போட்டா கிருமி, புழு, மருந்து எல்லாமே போயிடும், எங்க வீட்ல காலங்காலமா அப்படித்தான், ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆனதில்ல. இந்த லிக்விட் எல்லாம் காசு புடுங்குற வேலை.

பெட்ரிதட்டு:

உணவு மைக்ரோபயாலஜி லேப்ல வேலை பாக்குறேன், கொஞ்சம் நீளமா எழுதுவேன், பொறுத்துக்கோங்க.

உப்புக்கல் ப்ரோ, காசு புடுங்குற வேலைங்கறதுல உங்க கட்சிதான் நான். ஆனா அந்த அளவு உப்புல பாக்டீரியா சாகாது. உப்பு கிருமியைத் தடுக்கணும்னா ஊறுகாய் ரேஞ்சுக்குப் போகணும், அந்த அளவுக்கு உப்புப் போட்டா இலை தண்ணிய விட்டுட்டுத் துவண்டு போயிடும். உப்புத்தண்ணிக்கு ஒரு வேலை இருக்கு, இலைக்கு அடியில ஒளிஞ்சிருக்கற பூச்சி, சின்னப் புழு இதெல்லாம் பிடிய விட்டுட்டு வெளிய வரும். அதுக்கு அஞ்சு நிமிஷம் போதும், அரை மணி நேரம் தேவையே இல்ல.

புதினாக்கட்டு ப்ரோ, நீங்க முதல்ல புரிஞ்சுக்க வேண்டியது கழுவுறதால என்ன ஆகும்ங்கறது. மண்ணு போகும், பூச்சி போகும், மேல ஒட்டியிருக்கற மருந்துல ஒரு பங்கு போகும், கிருமியோட எண்ணிக்கை குறையும். நல்லா கழுவுனா பத்துல ஒம்பது பங்கு, ரொம்ப நல்லா போனா நூத்துல தொண்ணூத்தொம்பது பங்கு குறையும். கேக்க பெருசா இருக்கும் ஆனா ஒரு இலைல லட்சக்கணக்குல இருந்தா மிச்சம் ஆயிரம் இருக்கும்ல. அதுல பெரும்பாலானது நமக்கு ஒண்ணும் பண்ணாத சாதாரண மண்ணு பாக்டீரியா, அதனாலதான் "எங்க வீட்ல யாருக்கும் ஒண்ணும் ஆகல"ன்னு நெறய பேரால சொல்ல முடியுது. சிக்கல் என்னன்னா நூத்துக்கும் கொறைவா உள்ள போனாலே ஆளைப் படுக்கவைக்கிற கிருமியும் இருக்கு. ஈ.கோலை ஓ157 அந்த ரகம், நோரோவைரஸும் அப்படித்தான்.

அது ஏன் கழுவுனா முழுசா போக மாட்டேங்குது? இலைய மைக்ரோஸ்கோப்ல பாத்தா தெரியும், வழவழப்பா இருக்கற மாதிரி தெரியுற இலை பூரா மேடும் பள்ளமும் சின்னச் சின்ன முடியும்தான், அதுக்கு நடுவுல இலை மூச்சு விடுற துளை. கிருமி அந்தத் துளைக்குள்ள போய் உக்காந்துக்கும், வெட்டுப்பட்ட ஓரத்துல ஒட்டிக்கும், ஒண்ணோட ஒண்ணு சேந்து ஒரு பசை மாதிரி படலம் கட்டிக்கும். நீங்க வினிகர் ஊத்துனாலும் சோடா ஊத்துனாலும் அது உள்ள போய்ச் சேராது. 2006ல அமெரிக்கால பாக்கெட்ல வந்த ஸ்பினாச் கீரையால 200 பேர் கிட்ட பாதிக்கப்பட்டாங்க, அது ஃபேக்டரிலயே கழுவுனதுதான். 2018ல ரோமைன் லெட்யூஸால 36 மாநிலத்துல 210 பேருக்கு வந்துச்சு, அதுல 5 பேர் இறந்துட்டாங்க, வயலுக்குப் பக்கத்துல ஓடுற பாசனக் கால்வாய்த் தண்ணில அதே கிருமி கெடைச்சுது. வயல்லயே ஏறுனதை சிங்க்ல வச்சு முழுசா எறக்க முடியாது.

அதனால நான் எங்க வீட்ல இலைய ரெண்டாப் பிரிச்சுத்தான் யோசிப்பேன், வேகப்போறது, வேகாதது. வேகப்போற கீரைக்கு ராணி அக்கா சொன்னது தாராளம். 70 டிகிரில 2 நிமிஷம் முழுக்க வெந்தாலே இந்த பாக்டீரியா எல்லாம் காலி, கீரை கொதிக்கும்போது அதை விட எவ்வளவோ அதிகம். குடற்புழு முட்டைன்னு ஒண்ணு இருக்கு, அதோட ஓடு ரொம்ப கெட்டி, மருந்துக்கெல்லாம் லேசுல மசியாது, சூடுதான் அதுக்கு வைத்தியம். வேகாம சாப்பிடுற இலைக்குத்தான் உங்க நேரத்தையும் பயத்தையும் செலவு பண்ணணும்.

வினிகர் பத்தி. ஒரு பங்கு வினிகர் மூணு பங்கு தண்ணின்னு கலந்து நனைச்சா வெறும் தண்ணிய விட கொஞ்சம் கூடுதலா பாக்டீரியா குறையும், அது உண்மைதான். ஆனா இலைக்கு வாசனை ஏறும், மறுபடி தண்ணில அலசணும், அப்பவும் முழுசா போகாது. செய்யணும்னா செய்ங்க, அதை நம்பி மத்ததை விட்டுடாதீங்க.

சோப்பு, பாத்திர லிக்விட் வேண்டவே வேண்டாம். அமெரிக்காவோட உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்.டி.ஏ. தெளிவாவே சொல்லியிருக்கு, காய்கறிக்கு சோப்பு, டிடர்ஜென்ட் எதுவும் போடாதீங்க, ஓடுற தண்ணில கழுவுங்கன்னு. இலை உறிஞ்சிக்கும், அலசுனாலும் மிச்சம் தங்கும், வயித்தால போறதுக்கும் வாந்திக்கும் அதுவே போதும். ப்ளீச் பத்தி யாராவது சொன்னாலும் கேக்காதீங்க, அதுலயும் ப்ளீச்சையும் வினிகரையும் ஒண்ணாக் கலந்தா குளோரின் வாயு வரும், மூச்சு அடைக்கும்.

உப்புக்கல்:

ஃபேக்டரில குளோரின் போட்டுத்தானே கழுவுறாங்க அப்ப அது மட்டும் ஓகேவா? நாம உப்புப் போட்டா தப்பு 😏

பெட்ரிதட்டு:

நல்ல கேள்வி ப்ரோ. அங்க குளோரின் போடுறதுல முக்கியமான நோக்கமே தண்ணியச் சுத்தமா வச்சுக்கறதுதான். பெரிய தொட்டில டன் கணக்குல இலை போகுது, ஒரு கட்டுல கிருமி இருந்தா அந்தத் தண்ணி வழியா எல்லாக் கட்டுக்கும் பரவிடும், அதைத் தடுக்க அளவா போட்டு அந்த அளவை அடிக்கடி டெஸ்ட் பண்ணிக்கிட்டே இருப்பாங்க. இலைல ஒட்டுனதை அது அவ்வளவா கொல்றதில்ல. நம்ம வீட்லயும் அதே கதைதான், ஒரே தண்ணில ரொம்ப நேரம் ஊறப்போட்டா ஒரு இலைல இருக்கறது எல்லா இலைக்கும் போகும். அதான் ஊறப்போடுறதை விட தண்ணிய மாத்தி மாத்தி அலசிட்டு கடைசில ஓடுற தண்ணில காட்டுறது மேல். உப்பைத் தப்புன்னு சொல்லல, பூச்சிக்கு போடுங்க, அப்புறம் நல்ல தண்ணில அலசிடுங்க.

மண்வெட்டி:

தோட்டம் போடுறவன் பார்வையிலேருந்து ஒண்ணு சொல்றேன். "நம்ம தோட்டத்துக் கீரை, மருந்தே அடிக்கல, அப்படியே கிள்ளி வாயில போடலாம்"னு நெறய பேர் நெனைக்கிறாங்க. மருந்து அடிக்கலங்கறதும் கிருமி இல்லங்கறதும் வேற வேற விஷயம்ங்க. எருவுல, பறவை எச்சத்துல, பூனை வந்து மண்ணைத் தோண்டிட்டுப் போறதுல எல்லாம் இருக்கு. அமெரிக்க ஆர்கானிக் விதிப்படி மக்காத பச்சை எருவைப் போட்டா, மண்ணுல படுற பயிரை 120 நாள் கழிச்சுத்தான் அறுக்கணும். அந்த விதி சும்மா வரல. ஆர்கானிக்னு சீல் போட்டு வர்றதையும் அதே மாதிரிதான் கழுவணும்.

அப்புறம் நத்தை. பச்சையா சாப்பிடுற இலைல குட்டி நத்தையும் ஓடில்லாத நத்தையும் இருக்கான்னு ஒவ்வொரு இலையா திருப்பிப் பாருங்க, அடிப்பக்கம் பாருங்க. எலி வழியா நத்தைக்கு வர்ற ஒரு புழு இருக்கு, அந்த நத்தையோட துண்டு தெரியாம வயித்துக்குள்ள போனா மூளைச் சவ்வு வரைக்கும் பாதிக்கும். அபூர்வம்தான் ஆனா வந்தா லேசு இல்ல. நத்தை ஊர்ந்த பளபளப்பு கோடு தெரிஞ்சா அந்த இலையத் தூக்கிப் போட்டுடுங்க, இலைக்கெல்லாம் பாவம் பாக்காதீங்க. அசுவினி ஒட்டியிருந்தா உப்புக்கல் சொன்னபடி லேசா உப்புத்தண்ணி, தலைகீழா பிடிச்சு தண்ணிக்குள்ள நாலு ஆட்டு ஆட்டுனா உதிர்ந்துடும்.

கழுவுன தண்ணிய செடிக்கே ஊத்திடலாம், உப்புப் போட்ட தண்ணியை மட்டும் ஊத்தாதீங்க.

சும்மாபடிக்கிறவன்:

மருந்து விஷயத்தை யாரும் தொடலையே?? எனக்கு கிருமிய விட பூச்சிமருந்துதான் பயம். சமையல் சோடா போட்டா எல்லா மருந்தும் போயிடும், அமெரிக்க யுனிவர்சிட்டில கண்டுபிடிச்சாங்கன்னு ஒரு ஃபார்வர்டு சுத்துதே அது நெசமா?

பெட்ரிதட்டு:

பாதி நெசம். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்துல 2017ல பண்ண ஆராய்ச்சி அது. ஆப்பிள் மேல ரெண்டு மருந்தைத் தடவி, சோடா கரைச்ச தண்ணில 12லேருந்து 15 நிமிஷம் போட்டுப் பாத்தாங்க, மேல இருந்தது நல்லாவே போச்சு. ஆனா தோலுக்குள்ள எறங்கிட்ட பங்கு போகலன்னும் அதே ஆராய்ச்சிதான் சொல்லுது, ஃபார்வர்டுல அந்த வரி மட்டும் காணாமப் போயிடும். ரெண்டாவது, அது ஆப்பிள், இலை கெடையாது, அந்த ரெண்டு மருந்தைத் தவிர மத்ததுக்கு அதை வச்சு எதுவும் சொல்ல முடியாது. செடியே உறிஞ்சிக்கற மாதிரி தயாரிச்ச மருந்து இலைக்குள்ளயே ஓடிட்டிருக்கும், அதை எந்தத் தண்ணியும் எந்தப் பொடியும் வெளிய எடுக்காது.

இதை விட எனக்குப் பிடிச்சது கனெக்டிகட் வேளாண் ஆராய்ச்சி நிலையம் 2000ல வெளியிட்டது. 12 மருந்தைப் பாத்தாங்க, அதுல 9 வெறும் குழாய்த் தண்ணில கழுவுனதுலயே குறைஞ்சுது. இதுல வேடிக்கை என்னன்னா அந்த மருந்து தண்ணில கரையுமா கரையாதாங்கறது பெரிய வித்தியாசம் பண்ணவே இல்ல, தண்ணி ஓடி மோதி அடிச்சுட்டுப் போற வேகம்தான் வேலை பண்ணுச்சு. அதனால அரை நிமிஷமாவது ஓடுற தண்ணில கையால தேய்ச்சுக் கழுவுறது, வெளி இலைய உரிச்சுப் போடுறது, தினமும் ஒரே கீரையா வாங்காம மாத்தி மாத்தி வாங்கறது, இது மூணும் போதும். மருந்துக்குப் பயந்து கீரையே வேண்டாம்னு விட்டுடுறது எனக்கு சம்மதம் இல்லாத விஷயம்.

புதினாக்கட்டு:

அடேங்கப்பா, இவ்வளவு இருக்கும்னு நெனைக்கவே இல்ல, எல்லாருக்கும் ரொம்ப தேங்க்ஸ். ராணி அக்கா நீங்க சொன்ன மாதிரி இன்னிக்கே கவுக்காம கையால அள்ளிப் பாத்தேன், அடியில எறங்குன மண்ணைப் பாத்து வைஃப் என்னை ஒரு மாதிரி பாத்தாங்க 😅

பெட்ரிதட்டு சார், பாக்கெட் கேள்வி பாக்கி இருக்கு. அதோட கன்சீவா இருக்கறவங்க பச்சை இலை சாப்பிடவே கூடாதா?

பெட்ரிதட்டு:

சார் எல்லாம் வேண்டாம் ப்ரோ.

பாக்கெட்ல "கழுவியாச்சு, அப்படியே சாப்பிடலாம்"னு தெளிவா போட்டிருந்தா திரும்ப கழுவத் தேவையில்லங்கறதுதான் எஃப்.டி.ஏ. சொல்றது. காரணம் சிம்பிள், அங்க போகாம ஒட்டிக்கிட்டிருக்கறது உங்க சிங்க்லயும் போகாது, அதே சமயம் உங்க சிங்க், உங்க கை, பக்கத்துல இருக்கற கட்டிங் போர்டு இதுலேருந்து புதுசா ஏதாவது ஏறிக்க வாய்ப்பு இருக்கு. "கழுவியாச்சு"ன்னு எழுதலைன்னா, பாக்கெட்ல வந்தாலும் சாதாரண கீரை மாதிரிதான், கழுவணும். டேட் பாத்து வாங்குங்க, உள்ள தண்ணி கோத்து இலை கறுத்து இருந்தா வாங்காதீங்க.

கர்ப்பமா இருக்கறவங்களுக்கு ரெண்டு விஷயம் தனியா சொல்லணும். ஒண்ணு லிஸ்டீரியா. நோய் தர்ற மத்த பாக்டீரியா பெரும்பாலும் ஃப்ரிட்ஜ்ல அடங்கிக் கெடக்கும், இது 4 டிகிரிலயும் மெதுவா வளரும். கர்ப்பிணிகளுக்கு இது வர்ற வாய்ப்பு மத்தவங்களை விட 10 மடங்கு அதிகம்னு அமெரிக்காவோட நோய்த்தடுப்பு மையம் சி.டி.சி. சொல்லுது, அம்மாவுக்கு லேசான காய்ச்சலோட போயிடும், குழந்தைக்குத்தான் ஆபத்து. இன்னொண்ணு டாக்ஸோபிளாஸ்மாங்கற ஒட்டுண்ணி, மண்வெட்டி சொன்னாரே பூனை, அது வழியா மண்ணுல கலக்கும், குளோரினுக்கே சாகாது, சூட்டுக்கு சாகும். அதனால இந்த மாசங்கள்ல முடிஞ்ச வரை வேக வச்ச கீரை, பச்சையா ஆசைப்பட்டா புதுசா வாங்கி அன்னிக்கே ஒவ்வொரு இலையா கழுவி உடனே சாப்பிடுறது, நாலு நாள் ஃப்ரிட்ஜ்ல கெடந்ததைத் தொடாம இருக்கறதுன்னு வச்சுக்கோங்க. முளைகட்டுன எதையும் பச்சையா வேண்டாம். கிருமி விதையிலயே இருந்தா முளைக்கிற சூடும் ஈரமும் அதுக்கும் தீனிதான், எவ்வளவு கழுவுனாலும் போகாது. 2011ல ஜெர்மனில முளைகட்டுன வெந்தயத்தால 50 பேருக்கு மேல இறந்தாங்க. இதுல உங்க டாக்டர் வேற சொன்னாங்கன்னா அவங்க பேச்சைக் கேளுங்க, அவங்கதான் ஆளை நேர்ல பாக்குறாங்க.

கரண்டிராணி:

பாக்கெட்டைக் கழுவ வேண்டாம்னு எத்தனை பேர் சொன்னாலும் என் கை கேக்காது, நான் கழுவத்தான் செய்வேன் 😄

பெட்ரிதட்டு:

கழுவுங்க அக்கா, ஆனா மொதல்ல கைய 20 செகண்டு சோப்புப் போட்டு கழுவிட்டு, சுத்தமான பாத்திரத்துல, ஓடுற தண்ணில. சிங்க்கை அடைச்சு அதுலயே தண்ணி புடிச்சு இலையக் கொட்டுறவங்க இருக்காங்க, அது மட்டும் வேண்டாம். கறி, மீன் கழுவுன அதே சிங்க்தானே அது, வீட்ல கிருமி ரொம்ப இருக்கற எடத்துல அதுவும் ஒண்ணு. சமையல்கட்டு ஸ்பாஞ்சால இலையத் தேய்க்கறதும் அதே ரகம்.

மண்வெட்டி:

ஃப்ரிட்ஜ்ல கொழகொழன்னு ஆகுறதுக்கு யாரும் பதில் சொல்லலையே. ஈரம்தாங்க காரணம். வாங்குன உடனே கழுவாம, அழுகின இலையையும் கட்டுன கயித்தையும் எடுத்துட்டு, துணிலயோ பேப்பர் டவல்லயோ சுத்தி வைங்க, சமைக்கும்போது கழுவிக்கலாம். ஒரு கட்டுல ஒரு இலை அழுகினாலும் பக்கத்து இலைக்குப் பரவிடும். வேலைக்குப் போறவங்க, முன்னாடியே கழுவி வச்சாத்தான் கட்டுப்படியாகும்னா, கழுவுனதும் சொட்டுத் தண்ணி இல்லாம காய வச்சுட்டுத்தான் டப்பால போடணும், டப்பாக்கு அடியில ஒரு பேப்பர் டவல், மேல ஒண்ணு, அது நனைஞ்சா மாத்திடணும். ஃப்ரிட்ஜ் 4 டிகிரிக்குக் கீழ இருக்கான்னும் பாத்துக்கோங்க, நெறய வீட்ல கதவை ஆயிரம் தடவை தொறந்து அது 8, 10னு நிக்கும். நறுக்குனதுன்னா வெளிய ரெண்டு மணி நேரத்துக்கு மேல வைக்காதீங்க.

வாடிப்போச்சேன்னு தூக்கிப் போட வேண்டாம், வாடுறது வேற அழுகுறது வேற. குளுந்த தண்ணில கால் மணி நேரம் போட்டா நிமிந்துக்கும். வெதுவெதுப்பான தண்ணி வேண்டாம், துவண்டுதான் போகும்.

சும்மாபடிக்கிறவன்:

அந்த காய்கறி வாஷ் லிக்விட்? ஓசோன் மெஷின்னு கூட ஒண்ணு பாத்தேன், பபுள்ஸ் எல்லாம் வருது பாக்க சூப்பரா இருக்கு

பெட்ரிதட்டு:

பபுள்ஸ் வர்றதால இலை ஆடும், அந்த அளவுல மண்ணு போகும், அதை உங்க கையே பண்ணும். மெய்ன் பல்கலைக்கழகம் ஒரு வாஷ் லிக்விடையும் ஓசோன் மெஷினையும் சுத்தமான தண்ணியோட வச்சு ஒப்பிட்டுப் பாத்துச்சு, தண்ணில ஊற வச்சு கழுவுனதே அதுங்களுக்கு சமமா நின்னுது. அவங்க பாத்தது பெர்ரிப் பழத்துல, ஆனா அதைப் படிச்சதுக்கு அப்புறம் அந்தக் காசை நான் செலவு பண்ணல. விளம்பரத்துல வர்ற 99.9 எந்தக் கிருமிக்கு, எதுல வச்சு டெஸ்ட் பண்ணது, எவ்வளவு நேரம் போட்டதுன்னு பாட்டில் பின்னாடி பொடி எழுத்துல தேடிப் பாருங்க. ஓசோனை மூடுன ரூம்ல சுவாசிக்கறதும் நுரையீரலுக்கு நல்லது இல்ல.

உப்புக்கல்:

சரி சரி, உப்பு பூச்சிக்கு மட்டும்னு ஒத்துக்கறேன். ஆனா கொதிக்கிற தண்ணில ஒரு முக்கு முக்கி எடுத்தா? லெட்யூஸ் தாங்காது, புதினா, கொத்தமல்லிக்கு கேக்கறேன்.

கரண்டிராணி:

நெறம் நல்லா பச்சையா வரும், உடனே ஐஸ் தண்ணில போடணும் இல்லன்னா வெந்து கறுத்துடும். வாசனை கொறஞ்சிடும், அதை அரைச்சு சேக்கறதுக்கு ஓகே, மேல தூவுறதுக்கு நல்லா இருக்காது.

பெட்ரிதட்டு:

பயமா இருக்கறவங்களுக்கு அது நல்ல வழிதான், ஆனா சும்மா முக்கி எடுக்காம ஒரு நிமிஷமாவது கொதிக்கிற தண்ணிக்குள்ள விடுங்க. ஒரு முக்குல இலைக் கட்டோட நடுப்பக்கம் சூடாகவே செய்யாது. ஐஸ் தண்ணியும் குடிக்கிற தண்ணில போட்ட ஐஸா இருக்கணும், வெந்ததுக்கு அப்புறம் தொடுற தண்ணி அழுக்கா இருந்தா அவ்வளவு வேலையும் வீண். அதே மாதிரிதான் கடைசியா அலசுற தண்ணியும், குழாய்த் தண்ணி மேல சந்தேகம் இருந்தா பச்சையா சாப்பிடுற இலைக்கு காய்ச்சி ஆறவச்ச தண்ணி.

புதினாக்கட்டு:

இலைய காய வைக்கத்தான் ரொம்ப நேரம் ஆகுது. கைல சுத்துற அந்த ஸ்பின்னர் வாங்கலாமா, இல்ல அதுவும் பபுள்ஸ் கேஸா?

கரண்டிராணி:

அது வாங்கலாம் தம்பி, உருப்படியான சாமான். பாதி அளவுக்கு மேல இலைய அடைக்காதீங்க, நசுங்கிடும். இல்லன்னா சுத்தமான பருத்தித் துணில பரப்பி உருட்டி, ரெண்டு முனையையும் பிடிச்சு நாலு உதறு உதறுனா போதும், பக்கத்துல யாரும் நிக்காம பாத்துக்கோங்க, அவ்வளவு தண்ணியும் அவங்க மேலதான்.

பெட்ரிதட்டு:

ஸ்பின்னர் வாங்குனா ஒவ்வொரு தடவையும் உள்கூடையைக் கழட்டி சோப்புப் போட்டுக் கழுவி காய வைங்க ப்ரோ, இந்த எடத்துல சோப்பு தாராளமா போடலாம். துணின்னா அதுக்குன்னே தனியா ஒண்ணு வச்சு அப்பப்ப சுடுதண்ணில துவைச்சுடுங்க, கை தொடைக்கிற துணி வேண்டாம்.